மாணிக்கவாசகம் சொந்தப் பெயரில் பேசிய நாள்

எல்கடுவத் தேயிலை ஃபெக்டரியில் மோட்டார் வேலை பார்த்த மாணிக்கவாசகத்தை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. 1978இல் நான் மாத்தளைத் தபால் கந்தோரில் தந்தி அனுப்பும் கிளார்க். ஒருநாள் முத்திரை வாங்க வந்து வரிசையில் நின்றவர், நான் தந்திச் சாவியிலிருந்து கையை எடுத்ததும், முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் அழைக்கும் 'நானா' போட்டு மெதுவாகச் சொன்னார்.

"நானா, கண்டிக்கு அனுப்புனதுல ஒரு எழுத்து விட்டுட்டீங்க."

பதினோரு வருஷம் அதே மேசையில் உட்கார்ந்து மோர்ஸ் அடித்தவனுக்கு எப்படி இருக்கும்? எரிச்சலோடு தாளைப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன். திரும்ப அனுப்பினேன்.

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில், கழித்துப்போட்ட சாமான்களை வைத்து அவரே ஒரு ரேடியோ கட்டியிருந்தார். அதில் கப்பல்காரர்கள் அடிக்கும் மோர்ஸைக் கேட்டுக் கேட்டே படித்திருக்கிறார். என்னிடம் அப்போது ஹாம் வானொலி லைசென்ஸ் இருந்தது. சொந்தக் கருவியில், உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் இன்னொரு பைத்தியத்தோடு பேசுவதற்கு அரசாங்கம் தரும் அனுமதி அது. அதோடு ஆளுக்கொரு அழைப்புக்குறியும் வரும்; காற்றில் நம் அடையாளம் அந்த எழுத்துகள்தான். பௌர்ணமிப் போயா லீவு நாட்களில் கருவியைத் தூக்கிக்கொண்டு அலுவிகாரைக் கற்பாறைக்கோ, இடிந்த கோட்டைக்கோ போய், அங்கிருந்து பேசுவேன். கேட்டவர்களுக்குப் பிறகு அந்த இடத்தின் படம் போட்ட கார்ட் தபாலில் போகும். மாணிக்கவாசகம் கூட வரத் தொடங்கினார். சுமை தூக்குவார், மரத்தில் ஏறி ஏரியல் கம்பி கட்டுவார், கீழே இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். சாவியை மட்டும் தொடமாட்டார்.

தொடக்கூடாது. லைசென்ஸ் விண்ணப்பத்தில் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இலக்கம் எழுத ஒரு கட்டம் இருந்தது. தோட்டத்துத் தமிழர்களில் பலருக்கு அப்போது எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. அவருடைய அப்பா இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர். அங்கே போகவும் இல்லை, இங்கே பிரஜையாக எழுதப்படவும் இல்லை. எல்கடுவயில் பிறந்து, எல்கடுவயில் கலியாணம் முடித்த மனுஷனுக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: தன் பெயரில் ஒரு தரம் பேச வேண்டும். அதை என்னிடம் ஒளிக்காமலே சொன்னார்.

1982இல் நாலந்தா கெடிகேக்குப் போனோம். நீர்த்தேக்கத்துக்காகப் பழைய கற்கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து அடித்து என் மணிக்கட்டு விட்டுப்போனது. மத்தியானம், வாரா வாரம் என்னோடு பேசும் மதராஸ்காரர் ஒருவர் அகப்பட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, சாவியை மாணிக்கவாசகத்தின் பக்கம் தள்ளினேன்.

"அடிங்க. எண்ட அழைப்புக்குறியிலதான்."

அவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு அடித்தார். அவ்வளவு சுத்தமான மோர்ஸை நான் கந்தோரில் கேட்டதில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் நடை வேறு என்பது போல மோர்ஸில் கையும் வேறு. இரண்டு நிமிஷத்தில் மதராஸ்காரர் என் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டார்: "இது ஸமத்தின் கை இல்லையே. நீங்கள் யார்? பெயர் என்ன?"

மாணிக்கவாசகம் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் கொழும்பில் அரசாங்கத்து ஆட்கள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. லைசென்ஸ் போகும், கந்தோர் வேலையும் போகும். நான் குனிந்து வயரைச் சுற்றுவது போல் பாவனை செய்தேன். அவர் சாவிக்குத் திரும்பி அடித்தார்: "ஸமத்தான். கைவலி."

பஸ்ஸில் வரும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"பொய்தான் நானா. ஆனா பிழையில்லாம அனுப்பிட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த வருஷம் தமிழருக்கு எதிரான கலவரத்தில் நாடு பற்றி எரிந்தது. என் கருவியைப் பொலிஸ் வாங்கி வைத்துக்கொண்டது. அதற்கடுத்த வருஷம் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போன கப்பலும் நின்றது. அவர் எல்கடுவயிலேயே மோட்டார்களோடு கிடந்தார். சந்தையில் சந்திக்கும்போதெல்லாம் "பிரஜாவுரிமைக் கடதாசி ஏதாவது வந்திச்சா?" என்று கேட்பேன். "இல்ல நானா" என்பார். இருபது வருஷம் இதையே கேட்டு, இதையே சொன்னோம்.

2003இல் சட்டம் வந்து அவரைப் பிரஜையாக்கியது. அறுபது வயதில் ஹாம் லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதினார். யுத்த நிறுத்தம் இருந்த காலம், அனுமதியும் கிடைத்தது. 2005இல் ஒரு காலையில் அவருடைய கருவியோடு திரும்பவும் கெடிகேக்குப் போனோம். இந்த முறை மரத்தில் ஏறப் போனவன் நான்தான். இரண்டடி ஏறிவிட்டு இறங்கினேன். கடைசியில் கல்லைக் கட்டி வீசித்தான் கம்பி போட்டேன்.

அரசாங்கம் அவருக்கே கொடுத்த அழைப்புக்குறியில் கூப்பிட்டார். அரை மணித்தியாலத்துக்கு ஒருவரும் இல்லை. பிறகு மலேசியாவிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே மழை இடியாம், சத்தம் விட்டு விட்டு வந்தது. முறைப்படி பெயர் கேட்டார்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் பெயரைச் சுருக்கித்தான் அனுப்புவார்கள். இவருடைய பெயருக்கு இங்கிலீஷில் பதினான்கு எழுத்து.

"மணின்னு அனுப்புங்க. போதும்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினான்கையும் அடித்தார். மலேசியாக்காரருக்கு முதல் நாலுதான் கிடைத்தது, திரும்பக் கேட்டார். முழுதாகத் திரும்ப அடித்தார். இந்த முறை நடுவில் இடி விழுந்தது. மூன்றாம் தரமும் கேட்டார். கருவியின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்குப் பதற்றம்.

"பெட்டரி முடியப் போவுது, மாணிக்கம்."

"முடியட்டும் நானா. அவருக்கு இன்னும் வெளங்கல" என்று சொல்லிவிட்டு, முதலெழுத்திலிருந்து தொடங்கினார்.