வால்தெமாரின் வலது கால்

வால்தெமார் பிதெகைன் சுடும் குண்டுகளில் நூற்றுக்கு இரண்டுதான் படும். எங்கள் குழுவில் இது எல்லோருக்கும் தெரியும், மறைக்க வழியில்லை. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் கணினி அதைத் திரையின் நடுவில் எழுதிக் காட்டிவிடும். மற்றவர்கள் எட்டு, பத்து என்று இருப்போம். எங்கள் தலைவி கிரசியேலா ஒத்தோனெல்லோ பதினைந்துக்குக் கீழே இறங்கியதில்லை.

ஆட்டம் என்று நான் சொல்வது இணையத்தில் நடக்கும் வான்போரை. இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள். அவரவர் வீட்டில் மேசைமேல் ஒரு கைப்பிடி, மேசைக்கடியில் இரண்டு பெடல், வாயருகே ஒரு மைக். குழுவின் பெயர் தெரோ. எங்கள் மேய்ச்சல் நிலங்களில் கத்தித் திரியும் ஆள்காட்டிக் குருவிக்கு அதுதான் பெயர். வருடத்துக்கு ஒருமுறை, எங்கள் பக்கத்தில் குளிர்காலமான ஜூலையில் ஒரு ஞாயிறு பிற்பகல், ஆற்றுக்கு அக்கரையில் அண்டை நாட்டில் இருக்கும் ரொசாரியோக்காரர்களோடு ஆறு பேருக்கு ஆறு பேராக மோதுவோம். மூன்று வருடமாகத் தோற்றிருந்தோம். தோற்றால் அடுத்த ஜூலை வரை அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

வால்தெமாருக்கு ஐம்பத்து நான்கு வயது. எங்கள் தலைநகரான மொந்தெவிதேயோவில், செர்ரோ குன்றடியிலிருந்து நகர மையம் வரை இருபத்தாறு வருடமாகப் பஸ் ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் அவருடைய பஸ் யார்மீதும் மோதியதில்லை. அதைப் பற்றி அவர் பேசியதும் இல்லை. அதிகம் பேசுகிற மனிதரல்ல. நூற்றுக்கு இரண்டு என்று திரையில் வரும்போதெல்லாம் ஒரு "ம்" மட்டும் கேட்கும். பிறகு அந்த ஆட்டத்தின் பதிவை எடுத்து முதலிலிருந்து பார்க்கத் தொடங்குவார்.

கிரசியேலா பல் மருத்துவர். சனிக்கிழமை மதியம் கிளினிக்கை மூடியபின் அங்கேதான் கூடுவோம். நோயாளி அண்ணாந்து பார்ப்பதற்காக மேலே ஒரு திரை மாட்டியிருப்பார். அதில்தான் எங்கள் பதிவுகள் ஓடும். யாருடைய பதிவோ அவர் அந்த நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும், மற்றவர்கள் சுற்றி நின்று குறை சொல்வோம் என்பது எங்கள் வழக்கம். மாத்தே என்னும் இலைத் தேநீர்க் குவளை கைமாறிக்கொண்டிருக்கும். அந்த நாற்காலியில் மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் படுத்தவர் வால்தெமார்தான்.

எங்களிடம் இருந்த ஒரே ஞானம், அருகில் போ என்பது. எதிரி விமானத்தின் முன்கண்ணாடியை நிறைக்கும்வரை சுடாதே. உலகம் முழுவதும் இதைத்தான் சொல்கிறார்கள், பொய்யுமல்ல. ஆனால் வால்தெமாரின் பதிவுகள் வேறு ஒன்றைக் காட்டின. நானூறு மீட்டரில் சுட்டால் அவருடைய குண்டு எப்போதாவது பட்டது. நூறு மீட்டரில் சுட்டால் ஒன்றும் படவில்லை, எல்லாம் இடப்பக்கம் விலகிப் போயின. சற்று வலப்பக்கம் குறிவைத்துப் பார்த்தார். ஒருநாள் விலகல் அதிகமாக இருந்தது, மறுநாள் குறைவாக. ஈடுகட்ட முடியாத பிழை அது.

யமந்து மருந்துக்கடையில் வேலை செய்பவன், நாக்கில் முள் உள்ளவன். அன்று குவளையை உறிஞ்சி முடித்துவிட்டு நாற்காலியைப் பார்த்துச் சொன்னான்: "டிரைவரே, தப்பா எடுத்துக்காத. உனக்கு பயம். கிட்ட போனதும் கை நடுங்குது."

"கை நடுங்கல. பதிவுல பாரு."

"அப்ப மனசு நடுங்குது. அது பதிவுல தெரியாது."

யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. காரணம் தெரியாத பிழைக்கு ஒரு குணத்தின் பெயரைச் சூட்டிவிட்டால் யோசிக்கிற வேலை மிச்சம். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. எட்டு கொண்டு வந்தால் ஆறாவது இடம் அவருக்கு, இல்லையென்றால் மெலோ ஊரில் இருக்கும் கால்நடை மருத்துவருக்கு என்று கிரசியேலா முடித்துவிட்டார். வால்தெமார் "ம்" என்றார். பயம் என்ற சொல் மட்டும் அவரோடு வீட்டுக்குப் போனது என்று அவருடைய மனைவி சுல்மா பின்னால் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, செர்ரோவிலிருந்து இறங்கும் வழியில், ஒரு டெலிவரி மோட்டார் சைக்கிள் சந்திலிருந்து குறுக்கே பாய்ந்தது. பஸ் நின்றது. பாய்ந்தவன் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டான். முன் இருக்கையில் தெர்மாஸை அக்குளில் இடுக்கியிருந்த ஓர் அம்மாள், வெந்நீர் மடியில் கொட்டியிருந்தால் யார் பொறுப்பு என்று துறைமுகம் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். வால்தெமாரின் காதில் அது விழவில்லை. கண்ணாடியில் ஒன்று பெரிதாகும்போது வலது கால் தானாக இறங்கியதே, தான் சொல்லாமல், தான் அறியும் முன்பே, அந்த உணர்வு பழக்கமானதாக இருந்தது. பஸ்ஸில் அல்ல, வேறு எங்கோ.

மாலையில் பழைய பதிவுகளை எடுத்தார். இந்த முறை குண்டுகளைப் பார்க்கவில்லை. விமானத்தின் கருவிப் பலகையில் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய் இருக்கிறது, அதற்குள் ஒரு கறுப்புப் பந்து. விமானம் நேராகப் பறந்தால் பந்து நடுவில் நிற்கும், பக்கவாட்டில் சறுக்கினால் ஒதுங்கும். எதிரி தூரத்தில் இருக்கும்போது பந்து நடுவில் இருந்தது. நெருங்க நெருங்க இடப்பக்கம் நகர்ந்தது. நூறு மீட்டரில் குழாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்பது பதிவுகளில் நாற்பதிலும் அப்படித்தான்.

நடந்தது இதுதான். எதிரி கண்ணாடியில் பெரிதாகும்போது அவருடைய வலது கால் பிரேக் போட்டது. அங்கே பிரேக் இல்லை. இருந்தது வால் சுக்கானின் வலப் பெடல்; ஒன்றை அழுத்தினால் மற்றது பின்னே வரும்படி இரண்டு பெடலும் இணைந்தவை. விமானத்தின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். அவர் கையால் அதை இழுத்து, குறி வளையத்தை மறுபடி எதிரியின்மேல் வைப்பார். கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும். விமானம் மட்டும் இடப்பக்கமாகச் சறுக்கிக்கொண்டிருக்கும், குண்டுகளும் அந்தப் பக்கமே போகும்.

சனிக்கிழமை அவர் தானே போய் நாற்காலியில் படுத்துக்கொண்டு பந்தைக் காட்டினார். யமந்துதான் முதலில் சிரித்தான். "பழைய பஸ்ஸா இருந்தா கிளட்சையும் சேத்து மிதிச்சிருப்ப. நேரா பறந்திருக்கும்."

அது உண்மையும்கூட. புதுப் பஸ்களில் இடது காலுக்கு வேலையில்லை.

மருந்து எளிது என்று நினைத்தோம். காலை மறக்கச் செய்ய வேண்டும். கிரசியேலா ஒரு பயிற்சி எழுதிக் கொடுத்தார்: நேராகப் பறக்கும் ஒரு விமானத்தின் பின்னால் தினமும் நூறு தடவை போய் ஒட்டிக்கொள்வது, பாதத்தைப் பெடலில் இறகுபோல வைத்துக்கொள்வது. திங்கள், செவ்வாய், புதன். புதன்கிழமை திரையில் எட்டரை வந்தது. சுல்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, மறுபடி காட்டச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வால்தெமார் கிரசியேலாவைக் கூப்பிட்டார். அதே இணைப்பில் நானும் இருந்தேன்.

"டாக்டர், என் பேர எடுத்துடு."

"எட்டரை வந்திருக்கு. இப்பவா?"

"இன்னிக்கு பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு நாய் வந்துது. நின்னுட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா கால் யோசிச்சுது. முதல் தடவையா யோசிச்சுது."

"அது உனக்கு அப்படித் தோணியிருக்கும்."

"இருக்கலாம். ஆனா அந்தக் கால் எனக்கு மட்டும் சொந்தமில்ல. காலைல அதை நம்பி அம்பது பேர் ஏறுறாங்க."

பழக்கம் என்பது நாம் வைத்திருக்கும் பொருள் என்று நானும் அதுவரை எண்ணியிருந்தேன். வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது வைத்துவிடலாம் என்று. அது ஒரு வாக்குறுதியாகவும் இருக்க முடியும், நாம் சொல்லாமலே நம் உடம்பு பிறருக்குக் கொடுத்துவைத்த வாக்குறுதி. எனக்கு இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் தேவைப்படுகிறது. அவருக்குத் தேவைப்படவில்லை. இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஆனால் ஆட்டத்தை விடவில்லை. ஈஸ்டர் விடுமுறையை நாங்கள் சுற்றுலா வாரம் என்போம்; அப்போது நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் இளமையில் ஓட்டியவர் அவர். ஒரு வருடம் அறுபத்து மூன்றாவதாக வந்தார். பந்தயக்காரன் பெடலை மிதிப்பதோடு இழுக்கவும் செய்வான், அதற்காகப் பாதத்தை வாரால் கட்டியிருப்பான். கொட்டகையில் அந்தப் பழைய தோல்வார்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து இடது பாதத்தை இடப் பெடலோடு கட்டினார். மிதித்தால் இடப்பக்கம், இழுத்தால் வலப்பக்கம். வலப் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பலகையைப் போட்டு வலது காலை அதன்மேல் வைத்தார். இனி அது எவ்வளவு வேண்டுமானாலும் பிரேக் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு காலால் பறப்பது, இடக்கையால் எழுதப் பழகுவது போன்றது. முதல் நாள் நூற்றுக்கு ஒன்றுதான் வந்தது. இரண்டு நாள் கணுக்கால் வீங்கி, சுல்மா உப்புநீரில் ஒற்றடம் கொடுத்தாள். நான்காம் நாள் பந்து நடுவில் நின்றது. போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை, கேட்காமலே வந்து பல் நாற்காலியில் படுத்து, ஒரு பதிவைப் போடச் சொன்னார். ஒன்பது. மெலோ மருத்துவரிடம் இந்த முறை வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்ல கிரசியேலா வெளியே போனார்.

ஞாயிறு பிற்பகல் நாங்கள் முதலில் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். மைக்கில் "டொக்" என்று ஒரு சத்தம், உடனே குண்டுமாரி. வால்தெமாரின் கால் பலகையில் இறங்கும் ஒலி அது. முதல் டொக்கில் ரொசாரியோக்காரர் ஒருவருடைய இறக்கை கழன்றது. அதன் பிறகு அந்த ஒலி கேட்கும்போதெல்லாம் யமந்து, "பிரேக் போட்டாச்சு, யாரோ விழப்போறான்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான், அவனே விழும்வரை. நான் அதற்கு முன்பே விழுந்திருந்தேன்.

கடைசியில் அவர்கள் பக்கம் தலைவர், எங்கள் பக்கம் வால்தெமார். இருபது நிமிடம் மேகத்துக்குள்ளும் வெளியிலும் சுற்றினார்கள். தரையில் கிடந்த நாங்கள் வால்தெமாரின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வளைவில் குறுக்கே வெட்டி உள்ளே வந்தார். எதிரியின் வால் வளையத்தை நிறைத்தது, பிறகு கண்ணாடியையே நிறைத்தது. சுடு என்று யாரும் சொல்லவில்லை. பந்து நடுவில் இருந்தது. டொக்.

கடைசி இருவர் மட்டும் மிஞ்சியதும் இரு குழுவுக்கும் பொதுவான இணைப்பு திறந்துவிடும்; ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய தலைவர் வாழ்த்திவிட்டு, கடைசியில் என்ன சத்தம் என்று கேட்டார். அவருக்கே கேட்டிருக்கிறது, அவ்வளவு பலம். யமந்து சொன்னான்: "எங்க டிரைவர் பிரேக் போட்டாரு. நீங்கதான் முன்னாடி வந்துட்டீங்க."

வால்தெமார் "ம்" என்றார். திரையில் அவர் பெயருக்கு நேரே பதினொன்று இருந்தது. கிரசியேலாவுக்கு அன்று பதினாறு. பிறகு வந்த மாதங்களிலும் வால்தெமார் பன்னிரண்டைத் தாண்டவில்லை; எங்களில் சிறந்த கை அவருடையதல்ல. ஆனால் எங்கள் குழுவைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையது.

திங்கட்கிழமை காலை துறைமுகத்து நிறுத்தத்தில் நானும் யமந்துவும் அவருடைய பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடமில்லை. யமந்து டிரைவருக்குப் பின்னால் நின்று, கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்கு இப்படிப் பிடிக்கிற?" என்றார் வால்தெமார், பின்பார்வைக் கண்ணாடியில் அவனைப் பார்த்து.

"அந்த வலது கால எனக்குத் தெரியும்," என்றான் யமந்து.