நாற்பத்தொரு தாமதங்கள்

டாக்டர்கள் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்வதற்குத் தனிக் காது வேண்டும். நோயாளியைப் பார்த்து அனுப்பிவிட்டு ஒரு ரெக்கார்டரில் பேசி வைப்பார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவார்கள், மென்று விழுங்குவார்கள், நடுவில் போன் வந்தால் அதையும் சேர்த்துப் பதிவு செய்துவிடுவார்கள். ஐந்து மருத்துவமனைகளிலிருந்து வரும் அந்தப் பேச்சையெல்லாம் எழுத்தாக அடித்துக் கொடுக்கிற ஆபீஸில் அவளுக்கு வேலை. மூன்றாவது மாடி, பதினான்கு மேசை, அவளுடையது ஜன்னலோரம். டாக்டர் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாலும் அவள் கமா வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் கமாக்கா.

ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது கண் பார்வையையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அதைப் பற்றி அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காருகிற ரகம் இல்லை. அதுவரை பார்த்த நிறங்கள் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருந்தன. பள்ளிக்கூடத்துக் கதவின் நீலம், மழைக்கு முன்பான வானத்தின் சாம்பல், தங்கையின் பாவாடை மஞ்சள். வேண்டியபோது எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

அவள் கம்ப்யூட்டரை ஓட்டுவது லினக்ஸ் என்கிற மென்பொருள். திரையில் இருப்பதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும். காலையில் பொத்தானை அமுக்கினால் காற்றாடி சுழலும் சத்தம் எழும்பி, பிறகு தணியும். அப்புறம் அந்தக் குரல் "பயனர் பெயர்" என்று கேட்கும். இவள் பெயரையும் கடவுச்சொல்லையும் அடிப்பாள். உள்ளே நுழைந்த நிமிடம்தான் அவள் ஆபீஸுக்கு வந்த நிமிடம். வருகைப் பதிவேடு அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. ஒன்பது மணியைத் தாண்டி ஒரே ஒரு நிமிடம் ஆனாலும் சிவப்புப் புள்ளி.

சில நாள் குரல் உடனே வந்துவிடும். சில நாள் வராது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் கூட ஆகும். கண் தெரிந்தவர்களுக்குத் திரையில் ஏதோ ஒரு வட்டமாவது சுற்றிக்கொண்டிருக்கும். அவளுக்கோ மெஷின் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. விசைப்பலகை மேல் விரல்களை வைத்துக்கொண்டு அந்த மௌனத்துக்குள் அவள் நடப்பாள். நீண்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் சாத்திய நீலக் கதவுகள், எந்தக் கதவுக்குப் பின்னால் அந்தக் குரல் தூங்குகிறது என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போவாள். உள்ளே யாரோ புரண்டு படுப்பது போலிருக்கும். எழுந்திரு, எழுந்திரு என்று மனதுக்குள் கெஞ்சுவாள். குரல் வரும்போது மணி ஒன்பது இரண்டு ஆகியிருக்கும்.

ஆறு மாதத் தற்காலிக வேலை அவளுக்கு. முடிந்ததும் நிரந்தரம், அல்லது வீடு. வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக மேலாளர் மேடம் சொல்லியிருந்தாள்.

"வேலையில உங்கள அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா இதுவரைக்கும் நாப்பது லேட்டு. மூணு நாளைக்கு ஒரு தடவை லேட்டா வர்றவங்கள நான் எப்படி மேல சிபாரிசு பண்றது, சொல்லுங்க?"

"மெஷின்தான் மேடம் லேட்டா எழுந்திருக்குது."

"மத்த பதிமூணு பேருக்கும் அதே மெஷின்தானேம்மா?"

இந்தக் கேள்விதான் அவளை ராத்தூக்கம் இல்லாமல் அடித்தது. முன்கூட்டியே வரலாமே என்றால், காவலாளி கதவைத் திறப்பதே எட்டு ஐம்பத்தைந்துக்கு. வீட்டுக்காரர் அவளைத் தினமும் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் தையல் கடைக்கு ஓடுவார். பூட்டிய கதவுக்கு முன்னால் முதல் ஆளாக நிற்பவள் அவள்தான்.

புகார் சொல்லாமலும் இல்லை. பதினோரு முறை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு முறையும் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன், எல்லோருக்கும் அவன் சிஸ்டம் தம்பி, பதினோரு மணிவாக்கில் டீயும் கையுமாக வருவான். அவளை வெளியேறச் சொல்வான், மறுபடி உள்ளே நுழையச் சொல்வான். டக்கென்று திறக்கும். "வேகமாத்தானே இருக்கு அக்கா," என்பான். 'சரிபார்க்கப்பட்டது, கோளாறு இல்லை' என்று எழுதி மூடிவிட்டுப் போவான். கெட்டவன் இல்லை. நல்லவனாக இருந்தால் மட்டும் போதுமா?

புதன்கிழமை அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நாளைக்குக் காலையில வாங்க. நான் ஆன் பண்றதுக்கு முன்னாடி வாங்க. டீ அப்புறம் குடிக்கலாம்."

வியாழக்கிழமை எட்டு ஐம்பத்தாறுக்கு அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் பொத்தானை அமுக்கினாள். காற்றாடி எழும்பியது. தலையைச் சாய்த்து ஐந்து விநாடி கேட்டாள்.

"இன்னிக்கி லேட்டுதான்."

"அதுக்குள்ள எப்படி அக்கா சொல்றீங்க?"

"ஸ்பீக்கர்ல சின்னதா ஒரு 'டிக்' வரணும். சீக்கிரம் திறக்குற நாள்ல அது முதல்லயே வந்துடும். இன்னிக்கி வரல."

அவன் சிரித்தான். அரை நிமிடத்தில் சிரிப்பு நின்றது. அவன் ஏதோ ஒரு விசையைத் தட்டினான். தொடக்கத்தில் வரும் லோகோவுக்குப் பின்னால் மறைந்திருந்த வரிகள் திரையில் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவன் மூச்சே மாறிவிட்டது.

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

"ஒரு வேலை இன்னும் ஆரம்பிக்கலையாம் அக்கா. ஒன்றரை நிமிஷம் வரைக்கும் பொறுத்துப் பாக்குறேங்குது. எண்ணிக்கிட்டு இருக்கு."

ஒன்றரை நிமிடம் முடிந்தது. இன்னொரு வேலை, இன்னொரு ஒன்றரை. பிறகு மூன்றாவது. அந்தத் தாழ்வாரத்தில் முதல்முறையாக இன்னொருவர் காலடியும் கேட்பதுபோல அவளுக்கு இருந்தது. பயம் குறைந்தது. குரல் வந்தபோது மணி ஒன்பது ஒன்று. நாற்பத்தொன்றாவது சிவப்புப் புள்ளி.

மெஷின் தானே எழுதி வைக்கும் பதிவுகளைத் திறந்து அவன் அரை மணி நேரம் படித்தான். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, ஒரே பாத்ரூம் இருக்குற வீடு மாதிரி வெச்சுக்கங்க. மாமியார் குளிச்சாத்தான் மருமக குளிப்பா. மாமனார் குளிச்சாத்தான் மாமியார். மருமக குளிச்சிட்டு வந்து காபி குடுத்தாத்தான் மாமனார் எழுந்திருப்பாரு."

"அப்ப ஒருத்தரும் குளிக்க முடியாதே!"

"அதேதான். இங்க குரல் வரணும்னா ஒலி தயாரா இருக்கணும். ஒலி வரணும்னா டாக்டருங்க பேச்சு இருக்குற கிடங்கு திறக்கணும். கிடங்கு திறக்கணும்னா நீங்க உள்ள நுழைஞ்சிருக்கணும். நீங்க உள்ள நுழையணும்னா குரல் வந்து வாசல்ல நிக்கணும். சுத்திச் சுத்தி வந்து மெஷினுக்குத் தலை சுத்திப் போகுது. அதனால, 'இன்னிக்கி நீ குளிக்கவே வேணாம், போ'ன்னு யாராவது ஒருத்தர வரிசையிலேருந்து தூக்கிடுது. ஒரு நாள் இவரு, ஒரு நாள் அவரு. ஒலியத் தூக்குற நாள்ல மத்தவங்க எல்லாம் ஒலிக்காகக் காத்துக் கிடக்குறாங்க."

அவள் சிரித்துவிட்டாள். உள்ளே புரண்டு படுத்தவர்கள் இவர்கள்தானா!

"சரி, அந்த வரிசைய யார் எழுதினது?"

"நான்தான் அக்கா. நீங்க சேர்ந்த முதல் வாரம், வாசல்லயே குரல் கேட்டா நல்லா இருக்கும்னு சொன்னீங்க. உங்களுக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு ஒரு வரி சேர்த்தேன். கிடங்கு வரி ஏற்கெனவே நான் எழுதினது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கல. எல்லா மெஷின்லயும் இதே கதைதான்."

"அப்ப மத்தவங்களுக்கு ஏன் லேட் ஆகல?"

அவன் எழுந்து மேசை மேசையாகப் போனான். திரும்பி வந்தபோது அவன் குரலில் வெட்கம் இருந்தது. மற்ற பதிமூன்று மெஷின்களையும் ஏழு மாதமாக யாரும் அணைத்ததே இல்லை. திரையைப் பூட்டிவிட்டு அப்படியே போய்விடுவார்கள். மெஷின் புதிதாக எழுந்தால்தானே வரிசைச் சண்டை? கதவுக்கு மேலே 'வேலை முடிந்ததும் கணினியை அணைக்கவும்' என்று பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு மாட்டியிருக்கிறது. கண் உள்ள பதிமூன்று பேரும் அதைத் தினமும் பார்த்தார்கள், ஒருவரும் செய்யவில்லை. சேர்ந்த அன்று யாரோ ஒருமுறை படித்துக் காட்டியதைக் கேட்ட இவள் ஒருத்தி, ஒரு நாள் தவறாமல் அணைத்துவிட்டுப் போனாள். சொன்னதைக் கேட்டவளுக்குச் சிவப்புப் புள்ளி.

அவன் கிடங்குக்காக எழுதியிருந்த அந்த ஒரே ஒரு வரியை நீக்கினான். மெஷினை அணைத்து, மறுபடி எழுப்பினான். காற்றாடி எழும்பியது. 'டிக்.' அடுத்த மூச்சுக்குள் குரல் அவளைப் பெயர் கேட்டது. பன்னிரண்டு விநாடி என்றான் அவன்.

மேடத்தை இருவருமாகப் போய்ப் பார்த்தார்கள். அவன் எதையும் மறைக்கவில்லை. அக்கா பதினோரு தடவை சொன்னார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சொன்னான். மேடம் பெருமூச்சு விட்டு, அவள் கோப்பைத் திறந்து எதையோ எழுதினாள்.

"சரிம்மா. உங்க நிலைமைய நெனச்சு, இந்த நாப்பத்தொண்ணையும் மன்னிச்சிட்டதா எழுதிட்டேன். வேலை நிரந்தரம். சந்தோஷம்தானே?"

சந்தோஷம்தான். கால் தரையில் பாவாத சந்தோஷம். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தாள். வேறொன்று வந்தது.

"மேடம், மன்னிக்குற அளவுக்கு நான் என்ன பண்ணேன்? நான் நேரத்துக்குத்தான் வந்தேன்."

"நான் இல்லைன்னு சொல்லலம்மா. ஆனா அதுக்கு ஒரு சாட்சி வேணுமில்ல?"

"இருக்கு மேடம்," என்றான் சிஸ்டம் தம்பி. "பொத்தான அமுக்குன விநாடியிலேருந்து மெஷின் எழுதி வெச்சிருக்கு. ஒவ்வொரு நாளும்."

மேடத்தின் கம்ப்யூட்டரிலேயே அந்தப் பதிவைத் திறந்து, சிவப்புப் புள்ளி விழுந்த நாட்களை ஒவ்வொன்றாகப் படித்தான்.

"மார்ச் நாலு, எட்டு ஐம்பத்தேழு. மார்ச் ஒன்பது, எட்டு ஐம்பத்தாறு."

ஒன்பதாம் தேதி பெரிய மழை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். மாடிப்படியின் ஈரம் இப்போதும் உள்ளங்காலில் ஏறியது.

"மார்ச் பதினொண்ணு, எட்டு ஐம்பத்தேழு. மார்ச் பதினாறு, எட்டு ஐம்பத்தாறு."

மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் அது. அங்கே பெஞ்சிலேயே விடிந்து, அங்கிருந்தே நேராக வந்தாள். மகளுக்குத் தலை பின்னாமல் வந்த காலை, வீட்டுக்காரருடன் சண்டை போட்டுவிட்டு இருவரும் பேசாமலே நடந்துவந்த காலை, ஒவ்வொன்றாக எழுந்து வந்து அந்த அறைக்குள் நின்றன.

"போதும்பா, புரிஞ்சுது," என்றாள் மேடம்.

"முழுசும் படிங்க தம்பி," என்றாள் அவள்.

அவன் படித்தான். எட்டு ஐம்பத்தாறு, எட்டு ஐம்பத்தேழு, எட்டு ஐம்பத்தாறு. வெளியே விசைப்பலகைச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அவள் அழுதுகொண்டிருந்தாள், துடைத்துக்கொள்ளவும் இல்லை. நாற்பத்தொன்றையும் படித்து முடித்ததும் மேடம் பேனாவை எடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு கோடு இழுபட்டது. பிறகு ஏதோ எழுதப்பட்டது. எழுதியதை அவளால் பார்க்க முடியாது என்பதை மேடமே நினைத்துக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு படித்துக் காட்டினாள்.

"எல்லா நாளும் நேரத்துக்கு வந்தார்."