குவாரி வெடி நேரம்

அம்மா அழைத்தபோது மணி ஒன்றே கால். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு குலுக்கல், காம்பிரா அறைச் சுவரிலிருந்து மண் கொட்டுகிறது, எல்லோரும் மழையில் வெளியே நிற்கிறோம் என்றார். "பூமி அதிர்ச்சியா, கல்லுடைக்கிற வெடியா? எல்லாரும் ஒன்னையத்தான் கேக்கச் சொல்றாங்க."

நில அதிர்வுப் பதிவுகளைப் பார்ப்பதுதான் என் வேலை. அன்று பிலிமத்தலாவையில் என் வாடகை அறையில் மடிக்கணினியோடு இருந்தேன். அந்த வாரம் ஒரே பதிவுகளில் இரண்டு முறைகளை ஓட்டி, இரைச்சலுக்குள் எது அதிர்வைத் தவறவிடாமல் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் முறை, கடைசி ஒரு விநாடியின் ஆட்டத்தை அதற்கு முந்திய அரை நிமிடத்தோடு ஒப்பிடும். திடீரென்று கூடினால் மணியடிக்கும். பஸ் போனாலும் அடிக்கும். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை குவாரிகளில் வெடி வைப்பார்கள் என்பதால், அந்த நேரத்தில் அடிப்பதையெல்லாம் 'வெடி' என்று குறித்துத் தள்ளிவிடும்படி நானே எழுதி வைத்திருந்தேன். எங்கள் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய முறை வேறு. முன்பு பதிவான அதிர்வுகளின் அலை வடிவத்தை வைத்துக்கொண்டு, அதே சாயல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடும். ஆமை வேகம். அதற்காக அவரை எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறேன்.

திரையைப் பார்த்தேன். ஒன்று பத்துக்கு ஒரு துள்ளல், பக்கத்தில் 'வெடி' என்ற குறிப்பு. "வெடிதாம்மா. பயப்படாம உள்ள போங்க," என்றேன். லயத்துப் பிள்ளை படித்து ஆளாகிவிட்டாள் என்ற திமிர் அந்தக் குரலில் இருந்திருக்கும்.

அரை மணி நேரத்தில் பொறுப்பாளர் அழைத்தார். "பிள்ளை, ஒண்டு பத்துக்கு என்ர முறையில ஒண்டு சிக்கியிருக்கு. உம்மட பட்டியல்ல இல்லை."

"அது குவாரி வெடி, சேர்."

"இண்டைக்குப் போயா எல்லோ? போயாவில ஆர் வெடி வைக்கிறது?"

பௌர்ணமிப் போயா விடுமுறை என்பதால்தான் நானே வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். ஒன்று வந்தால் பின்னாலேயே இன்னொன்று வரலாம். மூன்று நாள் மழையில் ஊறிய அந்தச் சுவர் தாங்காது. அம்மாவை அழைத்தேன்.

"அம்மா, உடனே வெளிய வாங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. அது வெடி இல்ல."

"ஒருத்தரும் உள்ள போகமாட்டேன்னுதான் நின்னாங்க. எம்மக சொல்லிட்டா, போங்கன்னு நான்தான் வெரட்டி அனுப்புனேன். இப்ப என்னான்னு சொல்லிக் கூப்புடுறது?"

"ஒங்க மக தப்பா சொல்லிட்டான்னு சொல்லுங்க."

அவர் போனைத் துண்டிக்கவில்லை. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "எம்மக தப்பா சொல்லிட்டா, வெளிய வாங்க." அடுத்த கதவு. மறுபடி அதே வார்த்தை. அவமானம் பிடுங்கித் தின்றது. அதைவிட, ஒவ்வொரு கதவும் திறக்கும்வரை பயம். ஆறாவது வீட்டுக் கதவு திறக்க அம்மா அதை மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.