மணிக்காக வாதாடியது

“நாய் மனசுல இன்னா கீதுன்னு ஆறாவது படிக்கிறவளுக்கு இன்னா தெரியும்?” என்று நைனா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குத் தெரியாததும் இருக்கும் என்று அப்போது நான் நினைத்ததே இல்லை.

இன்று செங்கல்பட்டில், என் வீட்டுக் கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம் என் நாய்க்குட்டியும் அந்தப் பக்கம் அடுத்த வீட்டு நாயும் உறுமின. அந்தச் சத்தம் என்னைச் சிறுவயதுக் கடப்பாக்கத்துக் கடற்கரை மணலில் கொண்டுபோய் நிறுத்தியது.

எங்கள் நாய் மணியும் எதிர்வீட்டு அத்தையின் கருப்பனும் கழுத்தைக் கவ்விக்கொண்டு புரளும். “உங்க நாய் எங்க நாயக் கொன்னுகினு கீது” என்று அத்தை தினமும் கத்தியதால், மணியைச் செய்யூரில் விட்டுவர நைனா சாக்கோடு கிளம்பினார்.

“சண்ட இல்ல நைனா, விளையாட்டு! கீழ வுழுந்தது ஓடாம திரும்ப வருது பாரு. முன்னங்கால மடக்கி, பின்பக்கம் தூக்கிக் கூப்புடுது பாரு.”

“நாய்க்கு வக்கீலு வந்துட்டா!” என்ற அத்தை, இரண்டையும் பிரிக்க மீன் கழுவிய தண்ணீரை வீசினார். பாதி அவர் புடவையிலேயே விழுந்தது. அந்த வாசனைக்குக் கரையோர நாய்களெல்லாம் வந்தன. அவை குதிக்கவில்லை, புரளவில்லை. வால் விறைக்க, பல் தெரிய, அத்தையைச் சூழ்ந்தன. மணியும் கருப்பனும் சேர்ந்து அவற்றைத் துரத்தின.

கவிழ்த்திருந்த படகின்மேல் ஏறி நின்ற அத்தை, “அண்ணாத்த, மணிய எங்கயும் இட்டுனு போவாத!” என்று அலறினார். நைனா சாக்கை மடித்தார்.

“குட்டியப் புடிங்க, கடிச்சிக்கும்!” என்று இங்கே செங்கல்பட்டில் அடுத்த வீட்டுக்காரர் பதறி ஓடி வந்தார். இரண்டு வால்களும் தளர்ந்து ஆடுவதைப் பார்த்த நான், அதற்குள் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டிருந்தேன்.