ராஜகிரியில் குரங்கு கடித்துத் துப்பியது

காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினோம். செஞ்சி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மார்பகப் புற்றுநோய் வந்து என் இடது மார்பை எடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. கீமோவில் கொட்டிய முடி சுருட்டையாகத் திரும்பி வந்த தெம்பில், ராஜகிரிக் கோட்டை ஏறப்போவதாக வீட்டில் அறிவித்தேன். தடுத்துப் பார்த்துத் தோற்ற கணவர், தன் தங்கை ஜெசிந்தாவைக் காவலுக்கு அனுப்பினார். அவள் பிளாஸ்க்கில் வெந்நீர், கம்பளி, வாந்தி மாத்திரை எல்லாம் கொண்டு வந்தாள். நாங்கள் போனது சித்திரை வெயிலில்.

எட்டரைக்குக் கோட்டை வாசல். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பழைய தானியக் களஞ்சியத்தைத் தாண்டிப் படி தொடங்கியதுமே ஜெசிந்தாவும் தொடங்கினாள்.

"அண்ணி, பாத்தது போதும். எறங்கிடலாமா?"

"இன்னும் ஏறவே இல்லையே, ஜெசி!"

ஒன்பதரைக்குக் கமலக்கன்னி அம்மன் கோயில். உள்ளாடைக்குள் வைத்திருந்த சிலிக்கான் மார்பு வியர்வையில் வெந்து அரித்தது. ஒரு சுவரின் மறைவில் அதை எடுத்துத் துணிப்பையில், பன் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். நான் வேலை செய்யும் பள்ளியில் அன்றுவரை யாருக்கும் உண்மை தெரியாது. 'சின்ன ஆபரேஷன்' என்றுதான் சொல்லியிருந்தேன்.

பத்துப் படிகூட ஏறியிருக்க மாட்டோம், ஒரு கிழட்டுக் குரங்கு பையைப் பறித்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்தது. பன்னை முகர்ந்து கீழே போட்டது. சிலிக்கானை எடுத்து, இரு கையாலும் அமுக்கிப் பார்த்து, ஆசையோடு ஒரு கடி கடித்தது. பிறகு அது என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அழுகல் மாம்பழம் விற்ற வியாபாரியை அப்படித்தான் பார்ப்பார்கள்.

கம்போடு காவலாளி ஓடி வந்தார். ஏறிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

"இன்னாம்மா அது? ஜெல்லியா?" என்றார் காவலாளி.

"கொழந்த பொம்மைங்க," என்றாள் ஜெசிந்தா அவசரமாக.

குரங்கு காறித் துப்பியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிப்போடு வாயும் திறந்துகொண்டது.

"என் மார்புங்க. கேன்சர் வந்து எடுத்துட்டாங்க. அது டூப்ளிகேட்."

காவலாளி கம்பை மதிலில் ஓங்கி அடித்து, கோட்டையே அதிரக் கத்தினார்: "தே! குட்றா அத! ஆஸ்பத்திரி சாமான்டா, அந்தம்மாவுது!"

குரங்கு அதை வீசிவிட்டு ஓடியது. சிலிக்கான் படிப்படியாகத் துள்ளி உருண்டது. பல் பட்ட இடத்தில் பசை ஒழுகியது. இனி அதைப் போட முடியாது.

"இப்பயாவது எறங்கலாம் அண்ணி," ஜெசிந்தா அழாத குறை.

"இனிமே இன்னாத்துக்கு எறங்கணும்?" என்று ஏறினேன்.

உச்சிக்கு முன்னால் உள்ள பாலத்தைக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கடந்தேன். மேலே மணிக்கூண்டு நிழலில் மல்லாந்து படுத்தேன். காற்று முந்தானையைப் புரட்டியது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சமவெளி. அங்கிருந்தவர்கள் எல்லோரும் செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

மாலை பஸ்ஸில் ஜெசிந்தா என்னை முந்திக்கொண்டு ஏறி ஜன்னலோரத்தைப் பிடித்தாள். என்னை உட்காரவைக்காமல் அவள் உட்கார்ந்தது இந்த ஓராண்டில் இதுவே முதல் முறை.

"தள்ளு ஜெசி, எனக்கு வேணும்."

"போங்க அண்ணி! மலையே ஏறனவங்களுக்கு ஜன்னல் எதுக்கு?"

திண்டிவனம் வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தோம்.