மெர்வியின் கேக் பாக்கி

மெர்வி, தான் வாங்கிய நேர்மை விருதில் தண்ணீர் மொண்டு சவுனாக் கல்லில் ஊற்றி நீராவிக் குளியல் போடுகிறாள் என்று ஹாபசல்மி ஊர் முழுக்கப் பேச்சு. அடியில் பெயர் பொறித்த கண்ணாடிக் கிண்ணம். ஹெல்சிங்கியில் மேடையேறி வாங்கியது. அதைப் போய் இப்படியா என்று உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டியவர்களில் ஒருவர்கூட அவள் ஆடிய மேட்ச் ஒன்றுக்கும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

விசாரித்ததில் வதந்தி பொய். மெர்வியின் அடுக்ககத்தில் சவுனா எல்லாருக்கும் பொது. அவள் முறை சனிக்கிழமை ஆறிலிருந்து ஏழு. அங்கே இருப்பது மர அகப்பை, அதுவும் குடியிருப்புச் சங்கத்தின் சொத்து. அப்படியானால் கிண்ணம் எங்கே போயிற்று? அதற்கு மார்ச் மாதத்திலிருந்து வர வேண்டும்.

மெர்விக்கு முப்பத்தாறு வயது. பகலில் பள்ளிச் சமையலறையில் நானூறு பேருக்குச் சமைப்பாள். மாலையில் ஐஸ் ஹாக்கி அணியில் தடுப்பாட்டக்காரி. பதினேழு வருஷமாக. ஊரில் ஆண்கள் அணிக்குச் சம்பளம் உண்டு. பெண்கள் மாதாமாதம் பணம் கட்டி ஆடுவார்கள். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம்: யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். வியாழக்கிழமை பட்டாணி சூப் எப்படி என்று தலைமையாசிரியர் கேட்டால், "உப்பு கூடிப்போச்சு" என்பாள், அவர் தட்டை நிரப்பிக்கொண்டே.

மார்ச்சில் கடைசி மேட்ச். ஜெயித்தால் அணி மேல் லீக்கில் தங்கும். தோற்றால் பெண்கள் அணியையே கலைத்துவிடுவது என்று கிளப் தலைவர் ராய்மோ முன்கூட்டியே அறிவித்திருந்தார், மிகுந்த வருத்தத்தோடு. இரண்டுக்கு இரண்டு. நாற்பது விநாடி பாக்கி. அந்தரத்தில் பறந்துவந்த ரப்பர் வட்டை மெர்வி மட்டையால் ஒரு தட்டுத் தட்டினாள்; வலைக்குள் விழுந்தது. கோல் கம்பத்தின் மேற்கம்பிக்கு உயரே தட்டியிருந்தால் அது செல்லாது. நடுவர் அம்மாளுக்குச் சரியாகத் தெரியவில்லை. போட்டுப் பார்க்க வீடியோவும் இல்லை. கேமரா ஆண்கள் ஆடும் நாளில்தான் வரும். மெர்விமேல் விழுந்து கிடந்த கூட்டத்துக்குள் குனிந்து, கோல் கொடுக்கக் கையைப் பாதி நீட்டியபடியே, நடுவர் ஒரு பேச்சுக்குக் கேட்டாள்:

"கம்பிக்குக் கீழதானே பட்டுச்சு?"

"இல்ல. மேல."

அவளைக் கட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கூடுதல் நேரத்தில் தோற்றார்கள்.

உடைமாற்றும் அறையில் கேப்டன் ரீக்கா கால் கவசத்தைப் பிய்த்து எறிந்தாள். கோல்காப்பவள், மெர்வியோடு ஒரே நாளில் அணிக்கு வந்தவள்.

"மூச்சு வாங்குற மாதிரி கெடந்திருக்கலாம்ல?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"ஆமாடி, அரிச்சந்திரன் அக்கா. நாளைக்கு இந்த அறைக்குப் பூட்டுப் போடலாமான்னு கேப்பாங்க. அதுக்கும் சொல்லு."

பூட்டுப் போட யாரும் அனுமதி கேட்கவில்லை. ஏப்ரலில் அணி கலைந்தது. அவர்களுடைய செவ்வாய், வியாழன் மாலைகள் ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்குப் போயின. ராய்மோவும் அதில் ஆடுகிறார். மே மாதம் விருது. 'மகளிர் ஹாக்கியின் நாளைக்கு வழிகாட்டியவர்' என்று மேடையில் வாசித்தபோது, எந்த நாளைக்கு என்று மெர்விக்கு விளங்கவில்லை. ஊர்ப் பத்திரிகை அரைப்பக்கத்துக்கு அவள் படம் போட்டது.

படம்தான் வினை. அணியின் உடைமாற்றும் அறையில் ஒரு சட்டம் இருந்தது: பத்திரிகையில் படம் வந்தவள் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். விலக்கே கிடையாது. போன வருஷம் மூக்கு உடைந்து படம் வந்த ரீக்கா, மூக்கில் கட்டோடு கேக் சுட்டு எடுத்துவந்தாள்.

கிண்ணத்துக்கு வருவோம். ராய்மோ கேட்டார்: "மெர்வி, இது வீட்ல உனக்குத் தேவைப்படுதா?"

"தேவைப்படல."

கேட்டார், சொன்னாள். கிளப்பின் பெருமை கிளப்பிலேயே இருக்கட்டும் என்று கொண்டுபோனார். இப்போது அரங்கின் காபிக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சர்க்கரைக் கட்டிகளோடு. செவ்வாயும் வியாழனும் பெரியவர்கள் ஆடிக் களைத்து வந்து அதில் கையை விட்டு எடுத்துக்கொள்கிறார்கள். "நேர்மை கொஞ்சம் இனிக்கட்டுமேய்யா" என்று ராய்மோ ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார்கள்.

மார்ச்சுக்குப் பிறகு ரீக்கா அவளோடு பேசவே இல்லை. செப்டம்பரில் ஒருநாள் கடையில், உறைந்த காய்கறிப் பெட்டி அருகே, தள்ளுவண்டியோடு எதிரே வந்துவிட்டாள். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊர் அணியில் இரண்டாவது கோல்காப்பாளராக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்வி.

"உன் மேல கேக் பாக்கி இருக்குடி."

"தெரியும். ஜூலைலயே ஸ்ட்ராபெரி வாங்கி ஃப்ரீசர்ல போட்டுட்டேன். எங்க எடுத்துட்டு வரட்டும்?"

"எங்கயா? அறைக்குத்தான். சட்டம் அதுதானே?"

அறையின் சாவி ராய்மோவிடம். பதினெட்டுப் பேரில் நான்கு பேர் ஊரிலேயே இல்லை.

ரீக்கா குரலைத் தாழ்த்தினாள். "உண்மையச் சொல்லு. இன்னொரு தடவ அந்த நடுவரம்மா அப்படிக் குனிஞ்சு கேட்டா, என்ன சொல்லுவ?"

மெர்வி பெட்டியில் கிடந்த பட்டாணிப் பைகளைப் பார்த்தாள். பைகளின் விலைச்சீட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள்.

ரீக்கா நின்று பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பினாள்.

"எனக்கு க்ரீம் ஜாஸ்தி போடு" என்றாள், போகிறபோக்கில்.

ஸ்ட்ராபெரி இன்னும் ஃப்ரீசரில்தான் இருக்கிறது.