பொட்டு வைத்த சிவப்பு சிலிண்டர்கள்

படப்பையில் தீயணைப்பு சிலிண்டருக்குப் பவுடர் நிரப்புகிற பட்டறை என்னுடையது. கருவேல முள் மண்டிக் கிடந்த இடத்தை வெட்டித் திருத்தி, நெருப்பு அணைக்கப் பழக்குகிற திடலாக ஆக்கினவன் நான். ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வந்த பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்த எத்தனையோ பிள்ளைகள் என் திடலில் புகை குடித்துத்தான் உள்ளே போனார்கள். வீடு கட்டினேன், மூன்று பெண்களைக் கல்லூரி வரைக்கும் படிக்கவைத்தேன். எல்லாம் அஞ்சாங்கிளாஸோடு நின்றுபோனவன் செய்தது. தம்பட்டம் அடிக்கிறான் என்பார்கள். நான் அடிக்காவிட்டால் எனக்கு யார் அடிப்பது?

இதற்கெல்லாம் முன்னால் நான் உண்டாக்கியது ஒரு தீயணைப்புக் குழு. 1991-ஆம் வருஷத்து ஆயுத பூஜையைத்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

அப்போது நான் வேலை பார்த்த கம்பெனி ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில், ஹைரோடு ஓரத்தில் இருந்தது. இரும்பு பீரோவும் ஆபீஸ் மேசையும் செய்து, பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை. அஸ்திவாரம் தோண்டும்போது மண்வெட்டியோடு உள்ளே போனவன் நான். கட்டடம் முடிந்ததும் மேஸ்திரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கிளம்பவில்லை. வாட்ச்மேன் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்து, "சர்க்காரு ஃபயர் ஸ்டேஷன்ல ட்ரெய்னிங் தர்றாங்க, ஞாயித்துக்கெழமை யாரு போறீங்க?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினேன். அந்தக் கை இன்னும் கீழே இறங்கவில்லை என்றுதான் சொல்வேன்.

பயிற்சி முடித்து வந்து நானே ஆள் பிடித்தேன். ஒரு வெல்டர், கேன்டீன் மாஸ்டர், ஒரு லாரி டிரைவர், பேக்கிங்கில் நாலைந்து பேர். சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் பின்பக்கக் காலியிடத்தில் ஒரு தகரத் தட்டில் கழிவு ஆயிலை ஊற்றிக் கொளுத்துவோம். காற்றை முதுகில் வாங்கி நில், நெருப்போட அடியில அடி, அணைஞ்சாலும் முதுகு காட்டாம பின்னாலயே நடந்து வா. இது மூன்றும் ஸ்டேஷனில் கற்றது. நான் சேர்த்தது ஒன்று உண்டு. நெருப்பு என்று வந்துவிட்டால் பேசுகிற வாய் ஒன்றுதான். மற்றவன் வாயை மூடி, சொன்னதைச் செய்யவேண்டும்.

"அந்த வாய் உன் வாயாத்தான் இருக்கணுமா?" என்பார் கேன்டீன் மாஸ்டர்.

"வேற எவன் வாயி இவ்ளோ பெருசா கீது?" என்பான் வெல்டர்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும், புகையிலும் வரும். பயிற்சி முடிந்து முகமெல்லாம் கரியோடு கேன்டீன் வாசலில் வரிசையாக உட்கார்ந்து டீ குடிப்போம். மாஸ்டர் எங்களுக்கு மட்டும் டீயில் இஞ்சி தட்டிப் போடுவார். பிறகு எத்தனையோ கம்பெனியில் ஏ.சி. ரூமில் காபி குடித்துவிட்டேன். அந்த டீக்கு எதுவும் கிட்டே வராது.

அந்த வருஷம் பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், ஆனால் அவருக்கும் மேலே கேட்க ஆள் இருந்தார்கள். "சனிக்கெழமை லோடு லேட்டாவுது. பூஜையோட உங்க ப்ராக்டீஸ நிறுத்திக்கலாம். ஆளுங்க அவங்கவங்க செக்ஷனுக்குப் போவட்டும்" என்றார்.

குழுவே இல்லை என்று அர்த்தம். நான் வெளியே வந்தேன். வெல்டரிடம் சொன்னபோது அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன். வெல்டிங் வெளிச்சம் என்று சொல்லிக்கொண்டான்.

ஆயுத பூஜை என்றால் கம்பெனி கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு ஒருநாள்தான் வீட்டு ஆட்களுக்குக் கேட் திறக்கும். பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் அப்பா ஓட்டுற மிஷினு" என்று ஒவ்வொருவனும் காட்டுவான். மிஷின்களைக் கழுவி, எண்ணெய் போட்டு, வாழைக்கன்று கட்டி, கூரைக் கம்பி முழுக்கக் கலர்க் காகிதத் தோரணம் விடுவார்கள். காலையில் நான் பூசணிக்காயும் பொரியும் வாங்கச் சுங்குவார்சத்திரம் போயிருந்தேன். திரும்பி வந்து பூஜைப் பந்தலைப் பார்த்தேன்.

கம்பெனியில் இருந்த சிவப்பு சிலிண்டர் அத்தனையும் பந்தலில், சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, கைப்பிடியில் செருகியிருக்கிற பூட்டு ஊசி கழன்று விழாமல் இருக்க மஞ்சள் கயிறு சுற்றி, கதம்பம் போட்டிருந்தார்கள். சுவரில் கொக்கிகள் மட்டும்.

"யார்றா எறக்கினது?"

வெல்டர் முன்னால் வந்தான். "நாந்தாண்ணே. டர்னர் லேத்துக்குப் பூஜை பண்றான், டிரைவர் லாரிக்குப் பண்றான். நம்ம ஆயுதம் இதுதானே? கடைசி பூஜைண்ணே. மேனேஜர் ஒருவாட்டியாவது கண்ணால பாக்கட்டும்."

தப்பு தப்புதான். ஆனால் அந்தத் தப்பை அன்பு இல்லாதவன் செய்யமாட்டான். இருந்தாலும், "எல்லாத்தையும் கொக்கியில மாட்டு" என்றேன். பக்கத்தில் நின்ற பெயின்டர், எங்களில் மூத்தவர், கையை நீட்டித் தடுத்தார். "பொட்டு வெச்சிட்டாங்கப்பா. தீபாராதனை ஆகாம நகத்தக்கூடாது. அபசகுனம்." கூட்டமே அவர் பக்கம். மேனேஜரும், "அரை மணி நேரந்தானே, இருக்கட்டும் விடுப்பா" என்றார்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. சிலிண்டர் இடத்தில் இல்லை என்றால் ஆள் இடத்தில் இருக்கவேண்டும். குழுவைத் தனியே கூப்பிட்டேன். "ஒவ்வொரு கொக்கிக்குக் கீழயும் ஒருத்தன் நில்லு. ஒரு மணல் வாளி, ஒரு நனைச்ச கோணிச்சாக்கு. பூஜை முடியறவரைக்கும் அசையாதே."

"எல்லாரும் பொரி துன்னுகினு கீறாங்க. நாங்க மட்டும் சாக்கு புடிச்சிகினு நிக்கணுமா?" என்றார் டிரைவர். புதுச் சட்டை போட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தார்.

"நிக்கணும். குழு இன்னிக்கு இருக்குதில்ல? இருக்கிற வரைக்கும் நிப்போம்."

நின்றார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான், ஆனால் நின்றார்கள்.

தீபாராதனை முடிந்தது. சிலிண்டரை இன்னும் யாரும் கொக்கிக்குத் திருப்பவில்லை. பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி மிஷின் மிஷினாகத் திருஷ்டி சுற்றினார்கள். பெயின்ட் ஷாப் பக்கம் மட்டும் கொண்டுவராதே என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், கொண்டுவரவும் இல்லை. ஆனால் பெயின்டருக்கு மனசு கேட்கவில்லை. எல்லார் மிஷினுக்கும் சுற்றி, வருஷமெல்லாம் சோறு போடுகிற தன் இடத்துக்கு இல்லையா என்று, தட்டில் ஒரு சின்னக் கற்பூர வில்லை வைத்து வாசலில் ஏற்றினார். பூஜைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று காலையில் அந்தத் தரையைத் பெயின்ட் இளக்குகிற தின்னர் போட்டுத் துடைத்தவரும் அவரேதான். துடைத்த துணி மூலையில் திறந்த டின்னில் கிடந்தது.

'புஸ்' என்றுதான் சத்தம். தரையிலிருந்து கிளம்பிய தின்னர் ஆவி கற்பூரத்தில் பிடித்து, டின் பற்றி, அங்கிருந்து தோரணக் காகிதத்துக்குத் தாவியது. காகிதம் வழியாக நெருப்பு, தின்னர் டின் அடுக்கி வைத்திருந்த ரூம் பக்கம் ஓட ஆரம்பித்தது. பெண்கள் அலறினார்கள், பிள்ளைகள் திசை தெரியாமல் ஓடின. பந்தலுக்கு ஓடிய ஒருவன் மஞ்சள் கயிற்றை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். நான் விசில் ஊதினேன்.

"வெல்டரு, காயிதத்த அறு! மாஸ்டரு, டின்னு மேல சாக்கு! தண்ணி எவனும் ஊத்தாதே, தின்னரு பரவும்!"

வெல்டர் மேசைமேல் ஏறி, எரிகிற முனைக்கு முன்னால் தோரணத்தைப் பிய்த்து எறிந்தான். மாஸ்டர் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போய் ஈரச் சாக்கை டின்மேல் போர்த்தினார். கை வெந்தது, சாக்கை விடவில்லை. மற்றவர்கள் தரையில் ஓடிய நெருப்பில் மணலை வீசினார்கள். மேனேஜர் பட்டு வேட்டியோடு ஓடிவந்து, "என்ன பண்ணணும்? என்ன பண்ணணும்?" என்று கத்தினார்.

"சார், நீங்க கேட்டாண்ட போங்க. கொழந்தைங்கள வெளிய கூட்டிப் போயி, எல்லாரும் கீறாங்களான்னு பாருங்க. இங்க நான் கீறேன்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். மறு பேச்சுப் பேசாமல் திரும்பி ஓடினார். வாட்ச்மேன் சொல்லி மேனேஜர் கேட்டது அந்தக் கம்பெனியில் அன்றைக்குத்தான். தலைமை என்றால் சத்தம் போடுவது இல்லை என்று எனக்குச் சொன்னதும் அந்த ஓட்டந்தான். சொல்கிறவன் யார் என்று தெரிந்து கேட்பதும் தலைமைதான்.

தின்னர் ரூம் கதவுக்கு இந்தப் பக்கமே நெருப்பு நின்றது. பெயின்டர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். மாஸ்டர் கையை வாளித் தண்ணீரில் வைத்தபடி, "யோவ் பெரியவரே, அடுத்த வருஷம் கற்பூரத்த எங்கிட்ட குடு, நான் அடுப்பாண்டயே சுத்திக்கிறேன்" என்றார். அவரும் அழுகையோடு சிரித்துவிட்டார்.

மேனேஜர் பிள்ளைகளை எல்லாம் பெற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். பட்டு வேட்டி ஓரம் சேறு. காலியாகக் கிடந்த கொக்கிகளைப் பார்த்தார், கீழே மணலும் கரியுமாக நின்ற ஆட்களைப் பார்த்தார்.

"இவங்கள இப்படி நிக்கச் சொன்னது யாரு?"

"நாந்தான் சார்."

"சனிக்கெழமை ப்ராக்டீஸ் நடக்கட்டும். லோடு லேட்டானா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். டிரைவர் என் முதுகில் ஒரு அடி வைத்தார் பாருங்கள், நெருப்பைவிட அதுதான் வலித்தது.

அடுத்த வருஷத்திலிருந்து அங்கே ஒரு வழக்கம் வந்தது. சிலிண்டரைப் பந்தலுக்குக் கொண்டுபோகக் கூடாது, பொட்டு வேண்டுமானால் கொக்கியில் தொங்கும்போதே வை. கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் குழு அவரவர் இடத்தில் நிற்கவேண்டும், பொரி பிறகுதான். பூஜை டியூட்டி என்று பேர் வைத்தோம். அங்கிருந்து வேறு வேலைக்குப் போனவர்கள் போன இடமெல்லாம் அதைக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு ஒரகடம் வரைக்கும் செய்கிறார்கள்.

அந்த மாஸ்டர் இப்போது இல்லை. வெல்டர் எங்கே இருக்கிறானோ தெரியவில்லை. போன பூஜைக்கு ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. மேடையில் பேசிய பாதுகாப்பு அதிகாரி சின்ன வயசுக்காரர். பூஜை டியூட்டி நிர்வாகம் யோசித்துக் கொண்டுவந்த முறை என்றார். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

நிர்வாகம் யோசிக்கவில்லை, ஐயா. பொரி தின்னாமல், புதுச் சட்டையோடு சாக்கைப் பிடித்து நின்றவர்கள் என் ஆட்கள். அவர்களை நிறுத்தினவன் நான். அடுத்த முறை மேடையில் அதைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போதும் சொல்லுங்கள். எனக்கு மாலை, சால்வை எதுவும் வேண்டாம். செய்தவன் இவன் என்று சொன்னால் போதும், அதுவும் நான் காதால் கேட்கும்படி.